ஊசிச்சரிவு உட்காரப் பார்த்த வருஷம்

ஊசிச்சரிவுக் காட்டுப் பாதையின் பன்னிரண்டாவது வளைவில், செத்துப்போன சண்முகக்கனியின் பெயருக்கு நட்டிருந்த சுமைதாங்கிக் கல்லில், மனுஷன் தன் அசதியை இறக்கி வைத்துவிட்டு அது இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்று கீழமடை ஊருக்குத் தெரியவந்தது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கண்டுபிடித்தவன் அந்தச் சண்முகக்கனியின் புருஷன் வேலாண்டியேதான். சரணாலயத்தின் மேல்முகாமில் இருக்கும் காவலர்களுக்கு அரிசி சுமந்து போடுகிற வேலை அவனுக்கு. அன்றும் வழக்கம்போல மூட்டையைக் கல்மேல் இறக்கினான், துண்டை உதறி முகம் துடைத்தான், மறுபடி தலையைக் கொடுத்துத் தூக்கினான். மூட்டையின் கனம் அப்படியே இருந்தது; ஆனால் இருபது வருஷமாக முழங்காலில் குடியிருந்த கடுப்பும், தோளில் இருந்த நோவும், இரண்டாம் தாரத்தோடு பேசிப் பேசி நெஞ்சில் சேர்ந்த சலிப்பும் கூட எழுந்து வரவில்லை, கல்மேலேயே கிடந்தன. குடையை மறந்துவிட்டோமோ என்று பார்ப்பதுபோல ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே ஏறிப் போனான்.

சாயங்காலம் இறங்கி வரும்போது அடிவாரச் சோதனைச் சாவடியில் முப்பிடாதி இருந்தாள். சண்முகக்கனியின் தங்கை, வயது நாற்பத்து மூன்று, பதினொரு வருஷமாக அந்தச் சரணாலயத்தில் காவலர் வேலை, அதுவும் தற்காலிகம்.

"முப்பிடாதி, உங்க அக்கா கல்லுல அசதி நிக்குது. இறக்கி வச்சா வச்ச இடத்துலயே கெடக்கு, கூட வர மாட்டேங்குது" என்றான்.

"அரிசிய நனையாமக் கொண்டு சேத்தியளா அத்தான்?" என்று கேட்டுவிட்டு அவள் வாயிற்கம்பியைத் தூக்கி அவனை வெளியே விட்டாள்.

அந்தக் கல்லைப் பற்றி முப்பிடாதிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காடு இன்னும் சரணாலயமாகாமல், உச்சியில் பதினைந்து குடும்பங்கள் மிளகு பறித்துப் பிழைத்துக்கொண்டிருந்த காலத்தில், எட்டு மாதக் கர்ப்பத்தோடு ரத்தம் போக ஆரம்பித்த சண்முகக்கனியைக் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி நான்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கம் வலது தோள் வேலாண்டியுடையது. கூடவே கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் முப்பிடாதி. நட்டுக்குத்தாய் நிற்கிற சரிவு அது, கீழே பார்த்தால் மஞ்சணத்தியாறு நூலாகத் தெரியும், மேலே பார்த்தால் கழுத்து வலிக்கும். பன்னிரண்டாவது வளைவில் அக்கா கண்ணைத் திறந்து, "கொஞ்ச நேரம் இறக்கி வைங்க, முடியல" என்றாள். நின்றால் ஆற்றங்கரை வேன் போய்விடும் என்ற பயத்தில், "இன்னா வந்துட்டுக்கா, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொன்னது முப்பிடாதி. சொன்னதைக் கேட்டு ஆண்கள் நிற்காமல் நடந்தார்கள். அடுத்த வளைவு வருவதற்குள் அவள் பிடித்திருந்த கை வெறும் கையாகிவிட்டது.

வயிற்றுச் சுமையை இறக்காமல் போன பெண்ணுக்கு, மற்றவர்கள் சுமை இறக்க ஒரு கல் நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே கழுத்துயரத்தில் ஒரு பலகைக் கல்லைக் கிடத்துவார்கள், தனியாக வருகிறவன் யார் உதவியும் இல்லாமல் இறக்கவும் ஏற்றவும் தோதாக. கீழமடைக்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு முறை உண்டு: முதல் சுமையை இறந்தவளின் ரத்த உறவில் ஒரு பெண்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும், வைத்து வேர்வை உலரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், பிறகு அவளே தூக்கிக்கொண்டு போக வேண்டும். கல் நட்ட அன்றைக்கு முப்பிடாதி வரவில்லை. ஆற்றங்கரைப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டவளைத் தேடித் தேடிச் சலித்து, ராகுகாலம் நெருங்குகிறது என்று பெரியவர்கள் பதறி, அந்த வழியே பலாப்பழம் சுமந்துவந்த யாரோ ஓர் ஆளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். அவன் வைத்தான். சாப்பாடு இருக்கிறது என்றதும் இலையில் உட்கார்ந்தான். அதற்குள் இரண்டு பழத்தையும் அங்கேயே வெட்டி, எண்ணெய் தடவிய கையால் சுளை எடுத்து எல்லாரும் தின்றுவிட்டார்கள். துக்க வீட்டில் இதையெல்லாம் யார் பெரிதாக நினைப்பார்கள். முப்பிடாதி மட்டும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் இருவேளை அந்தக் கல்லைக் கடந்து போகிறாளே தவிர, ஒரு தண்ணீர்ப் புட்டியைக்கூட அதன்மேல் வைத்ததில்லை.

வேலாண்டி மறுநாள் தன் பெண்டாட்டியை அனுப்பினான், அவள் தன் தங்கையை அனுப்பினாள், தங்கை தேயிலைத் தோட்டத்தில் கூட வேலை செய்கிற எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனாள். புரட்டாசி பிறப்பதற்குள் வாயிற்கம்பிக்கு முன்னால் வரிசை நின்றது. ரேஞ்சர் ஜெபராஜ் முறையானவர். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். அப்படி ஓர் இனம் எந்தப் படிவத்திலும் இல்லை, ஆகவே ஆட்சேபணையும் இல்லை என்று பதில் வந்தது. அவர் மரத்தில் ஒரு பலகை அடித்தார்: அசதி இறக்க வருவோர் வரிசையில் வரவும், காலை எட்டு முதல் மாலை நான்கு வரை மட்டும், அடுத்தவர் அசதியை எட்டிப் பார்க்கக் கூடாது, பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது. கல்லருகே நின்று வரிசையை ஒழுங்குபடுத்த முப்பிடாதியைப் போட்டார். பன்னிரண்டாவது வளைவு அவளுடைய எல்லைக்குள் வருகிறது என்பதைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது.

அசதி இல்லாமல் போனால் ஊர் சுகப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கீழமடை சுகப்படவில்லை, வேலை செய்தது. தோட்டத்தில் பறிக்க வேண்டிய இலையின் எடையைக் கூட்டினார்கள், கல்லுக்குப் போய்வந்த பெண்கள் கூட்டியதையும் பறித்தார்கள், அதனால் மறுபடி கூட்டினார்கள். பஸ் டிரைவர் இரண்டு ஷிப்டைச் சேர்த்து ஓட்டினார். பள்ளிக்கூடத்தில் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று தனி வகுப்பு வைத்தார்கள். வீடுகளில், "கல்லுக்குப் போயிட்டு வந்துட்டேல்லா, அப்போ அந்த மாவையும் ஆட்டிப் போட்டுரு" என்று மாமியார் சொன்னாள், ஆட்டிப் போட்ட மருமகள் மறுநாள் மறுபடி மலையேறினாள். யாரும் உட்காராததால் டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டுவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அடுப்பு வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களை உட்காருங்கள் என்று சொல்கிற பழக்கம் முதலில் நின்றது, பிறகு வீட்டுக்கு வருகிற பழக்கமே நின்றது. இன்னொருத்தர் முகத்தைப் பார்த்து என்ன சோர்ந்து தெரிகிறாய் என்று கேட்க அங்கே ஒரு முகமும் இல்லை.

முப்பிடாதியின் முகம் ஒன்றுதான் மிச்சம். நாள் முழுக்க ஊராரின் அசதி இறங்குவதைப் பார்த்தபடி நின்றுவிட்டு, தன்னுடையதை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவாள், வாசற்படியில் பொத்தென்று உட்காருவாள். போகிற வருகிறவர்கள், குளிக்காமல் வந்தவளைப் பார்ப்பதுபோல ஒதுங்கிப் போனார்கள்.

"பக்கத்துலயே நிக்கிய, ஒரு நிமிசம் இறக்கி வச்சுட்டு வந்தா என்ன மைனி? பாக்கவே சங்கடமா இருக்குல்லா" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"எனக்கு வேணும்" என்றாள் முப்பிடாதி. இறக்கி வைத்துவிட்டால் அக்காவின் கை மறந்துபோகும் என்று அவளுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், வேலாண்டியைப் பார்த்தாலே தெரியும். முன்பெல்லாம் கல்லைக் கடக்கும்போது துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுப் போகிறவன் இப்போது வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனான்.

வைத்தது எங்கேயும் போகாது. ஒரு வருஷத்து அசதி, கீழமடையும் அக்கம்பக்கத்து ஊர்களும் சேர்ந்து கொண்டுவந்து வைத்தது, கல்லில் இடம் போதாமல் வழிந்து மண்ணில் இறங்கி வேர் பிடித்து ஏறியது. முதலில் பன்னிரண்டாவது வளைவுக்குப் பக்கத்து மருதமரங்கள் கிளையைத் தொங்கப் போட்டன. சிங்கவால் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவாமல் இறங்கி நடந்து போய் ஏறின. மலையணில் பாதையின் நடுவில் படுத்துத் தூங்கியது, வரிசையில் நின்றவர்கள் அதைத் தாண்டித் தாண்டி நகர்ந்தார்கள். இருவாச்சிகள் பறக்க நினைத்து, சிறகை விரித்து, வேண்டாமென்று மடக்கிக்கொண்டன. ஓடை மத்தியானம்வரை குட்டையிலேயே கிடந்துவிட்டு அதற்கப்புறம் இறங்கியது. ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. தண்ணீர் மத்தியானந்தான் வரும் என்று துவைக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்த புரட்டாசியில் சரிவே தளர ஆரம்பித்தது. பதின்மூன்றாவது வளைவு இறங்கி வந்து பன்னிரண்டாவது வளைவின் தோளில் சாய்ந்தது. சரணாலயத்தின் எல்லைக் கற்கள் தினம் ஒரு முழம் கீழே வந்தன. அடிவாரத்துத் தார்ப்பாதையில் கை நுழைகிற அகலத்துக்கு வெடிப்பு விட்டது. பட்டணத்திலிருந்து அளக்கிற ஆட்கள் வந்து, கருவியை மூன்று காலில் நிறுத்திப் பார்த்து, ஜெபராஜிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் சொன்னது முப்பிடாதியிடம்தான்.

"மலை உக்காரப் பாக்குதாம்மா. ஐப்பசி மழை ரெண்டு நாள் சேந்தாப்ல பேஞ்சா உக்காந்துரும். உக்காந்தா ஆறும் இருக்காது, ஊரும் இருக்காது."

"அவுகவுக வச்சத அவுகவுக எடுத்துட்டுப் போனா சரியாயிரும்லா ஐயா?"

"எடுக்கச் சொல்லிப் பாப்போம்" என்றார் ஜெபராஜ். அவரும் வாரம் ஒருதரம் அங்கே இறக்கியவர்தான், அதனால் குரலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஊரில் தண்டோரா போட்டார்கள். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் கல்லைச் சுற்றி நின்று, கல்யாண வீட்டில் செருப்புத் தேடுகிறவர்களைப்போலக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எது யாருடையது என்று தெரியவில்லை. என்னுடையது ரொம்பச் சின்னது, இங்கே இருப்பதெல்லாம் பெரிதாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். ஊர் நன்மைக்காக நான் எடுக்கிறேன் என்று முன்வந்த பஸ் டிரைவர் தலையைக் கொடுத்து முக்கிப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை, கல் விடவில்லை. பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஜெபராஜ் மனசுக்குள் ஜெபமும் செய்தார். பிறகு எல்லாரும் நேரமாகிறது, வேலை கிடக்கிறது என்று இறங்கிப் போனார்கள். ஐப்பசி முதல் வாரத்தில் மேற்கே மேகம் கூடியது.

அன்று காலை வேலாண்டி மூட்டையோடு வந்தவன், மழை வருமுன் முகாமைச் சேர வேண்டும் என்ற அவசரத்திலும், கல்லருகே நின்று முப்பிடாதியிடம் பேச்சுக் கொடுத்தான்.

"இந்தக் கல்ல நட்ட அன்னைக்கு ஒரு பலாப்பழம் தின்னோம் பாரு. அடடா. அதுக்கப்புறம் அப்படி ஒரு பழம் நான் தின்னதே இல்ல. நீ தின்னியா?"

"நான் வரல அத்தான்."

"ஆமால்லா, நீ வரல. ஒன்னத் தேடுனாவ, கெடைக்கல. பெறவு அந்தப் பழக்காரன வைக்கச் சொன்னாவ. திரும்பத் தூக்க என்ன இருந்துச்சு, கொட்டையும் சக்கையுந்தான்" என்று சிரித்தான்.

பெண்டாட்டிக்கு நட்ட கல்லில் அவனுக்கு மிஞ்சியது ஒரு பழத்தின் ருசி. அதற்காக முப்பிடாதிக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் விஷயம் புரிந்தது. வைத்ததைத் திரும்ப எடுப்பார்கள் என்று இந்தக் கல்லுக்கு யார் காட்டிக் கொடுத்தார்கள். முதல்முதலாக அதன்மேல் வைத்ததை ஊர் கூடித் தின்றுவிட்டது. அது பத்தொன்பது வருஷம் யோசித்து, தனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி நடந்துகொண்டிருக்கிறது. பழியைக் கல்மேல் போட முடியாது. புதருக்குள் உட்கார்ந்திருந்தவள் மேலேதான் போட வேண்டும்.

வேலாண்டி மேலே போகாமல் திருப்பி அனுப்பப்பட்டான். மழை வரப்போகிறது, யாரும் ஏற வேண்டாம் என்று அவள் காவலர் குரலில் சொன்னதை அவன் கேட்டுக்கொண்டு இறங்கினான். அவன் தலை மறைந்ததும் முப்பிடாதி கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். கையில் எதுவும் இல்லை. தலையிலும் எதுவும் இல்லை. ஆனாலும் சும்மாட்டுக்குத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கால்களை அகட்டி, கழுத்தை நிமிர்த்தி, இருபது வருஷமாகச் சுமந்ததைக் கல்மேல் மெல்ல நகர்த்தினாள். கல் வாங்கிக்கொண்டது.

இப்படி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. முதுகு எழும்பியது, மூச்சு வயிறுவரை போனது, கையை ஆட்டினால் கை வெறுமனே ஆடியது. அக்கா பெயரை நினைத்துப் பார்த்தாள். பெயர் இருந்தது, பக்கத்துத் தெருக்காரியின் பெயர் இருப்பதுபோல. அப்படியே நடந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஊரே போயிருக்கிறது, இவள் ஒருத்தி போனால் யார் கேட்கப் போகிறார்கள், மழை எப்படியும் பெய்யத்தான் போகிறது. இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டாள். அப்புறம், வேர்வை உலரட்டும் என்று வேரில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே மலை பெருமூச்சு விட்டுச் சற்று இறங்கியது, கூழாங்கற்கள் உருண்டன.

உட்கார்ந்திருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது, கனம் இல்லாத மனசில் அது தனியாகக் கேட்டது: கொஞ்ச நேரம் இறக்கி வைங்க என்றுதான் அக்கா சொன்னாள். கொஞ்ச நேரம். விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமும் முப்பிடாதிக்கு இறக்கி வை என்பது மட்டுமே காதில் நின்றிருந்தது.

"இறக்கி வச்சுட்டேன்க்கா" என்றாள். "போதுமா? இன்னும் கொஞ்சம் இருக்கட்டா?"

காற்று வந்தது. கழுத்து உலர்ந்தது, முதுகு உலர்ந்தது. முகம் மட்டும் உலர நேரமாயிற்று, அதில் இருந்தது வேர்வை இல்லை. அதையும் துடைத்துக்கொண்டு எழுந்து, கல்லின் விளிம்பில் தலையைக் கொடுத்து, "வா போவோம்" என்று தூக்கினாள். கல் ஒரு கணம் பிடித்துப் பார்த்தது. பிறகு விட்டது. அதே கனம்தான், இம்மியும் குறையவில்லை; தூக்கின விதம்தான் வேறு. அவள் நான்கு அடி போவதற்குள் பின்னால் கல்மேல் இருந்தவை ஒவ்வொன்றாக எழுந்து, வரிசை கலையாமல், அவளைக் கடந்து சரிவில் இறங்கின. சிங்கவால் குரங்கு ஒன்று கிளையை உலுக்கிவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. பதின்மூன்றாவது வளைவு தன் இடத்துக்கு ஏறிக்கொண்டது.

மத்தியானம் இரண்டரை மணிக்கு அவள் ஊருக்குள் வந்தபோது கீழமடை முழுக்க உட்கார்ந்திருந்தது. ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றது, டிரைவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்திருந்தார், உள்ளே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் பெண்கள் கூடையில் தலை வைத்துப் படுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே தரையில் கிடந்தார்கள். வாயிற்கம்பிக்கு அடியில் ஜெபராஜ் தொப்பியை முகத்தில் கவிழ்த்திருந்தார். ரேஷன் கடைப் படியில் வேலாண்டி மட்டும் இன்னும் தூங்காமல், இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி இருந்தான். முகம் நனைந்திருந்தது.

"முப்பிடாதி, வலது பக்கந்தான நான் புடிச்சேன்?"

"ஆமா அத்தான். வலதுதான்."

"கனத்துட்டாளே" என்றான். அப்படியே மூட்டைமேல் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மழை தொடங்கியது. ஏற்கெனவே தன்னுடையதோடு பழகியிருந்ததால் ஊரில் நடமாட முடிந்தவள் அவள் ஒருத்திதான். வீடுவீடாகப் போனாள். பொங்கி வழிந்த பாலுக்கு அடியில் அடுப்பை அணைத்தாள், திறந்து கிடந்த குழாயை மூடினாள், ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தினாள், மாமியார் மடியில் விழுந்து தூங்கிய மருமகளின் கையிலிருந்து கரண்டியை எடுத்து வைத்தாள், கொடியில் கிடந்த துணியை உள்ளே போட்டாள். டீக்கடைக்குள் இருந்த பெஞ்சை இழுத்து வந்து பழைய இடத்தில் போட்டாள். எல்லாம் முடிந்து தன் வீட்டுக்கு வந்தபோது அங்கே அணைக்க அடுப்பு எதுவும் இல்லை. பாயை விரித்தாள். அக்காவை இறக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று படுத்தாள்.